சீனித் தண்ணீருக்கு ஒரு மாதம், பொய்க்கு இரண்டு மாதம்

1

பிறந்து ஆறு மணி நேரமான ஒரு குழந்தை தாயின் பக்கத்தில் கிடக்கிறது. தாயிடம் பால் இருக்கிறது. ஆனால் கொடுக்க மாட்டேன் என்கிறாள். முதலில் யாராவது ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டும் என்கிறாள். வைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். அந்த அறையில் பொறுப்புக்கு இருப்பவள் பதினெட்டு வயதுப் பயிற்சி மாணவி ஒருத்திதான். அவள் என்ன செய்திருக்க வேண்டும்?

அந்த மாணவி நான். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாள் சரி என்று தோன்றும். மறுநாள் துணி உலர்த்தும்போதே தவறு என்று தோன்றிவிடும்.

இப்போது நான் மலாய் நாட்டில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் அங்கேயே டிரஸ்ஸர். மருந்து கொடுத்துக் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவர். எங்களுக்கு ஐந்து வயதில் தெய்வானை என்று ஒரு மகள். அடுத்த குழந்தை தை மாதத்தில் பிறக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

போன மாதம் ஒரு நாள் காலை, பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களெல்லாம் பால்மரக் காட்டுக்குள் போன பிறகு, ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி காய்ச்சல் மருந்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் கொயினா மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

“சாப்பிட்டுட்டா, சாப்பிடாமயா?” என்று கேட்டாள்.

“சாப்பிட்டுட்டு, கண்ணு.”

படி இறங்கினாள். நின்றாள். திரும்பி ஏறி வந்தாள். “சாப்பிட்டுட்டுத்தானே?”

“ஆமா கண்ணு.”

வேலிப் படல் வரைக்கும் போனவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடியும் வந்தாள். “தண்ணியிலயா, பால்லயா?”

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “ஏம்புள்ள மயிலு, இது உன்ற கூடப் பொறந்தவளாட்டவே இருக்குதே!”

அப்போது வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் தாய் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். “இருக்காம என்ன செய்யும்? சேனை வச்ச கையி இந்தா நிக்குதுல்ல” என்றாள்.

பேச்சியம்மா! எட்டு ஆண்டுகளுக்கு முன் என் முன்னால் பால் கொடுக்க மறுத்துப் படுத்திருந்தவள்.

2

சேனை என்பதை அறியாத வாசகர்களுக்காக. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு முன் ஒருவர் விரல் நுனியில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பதுதான் சேனை. வைத்தவரின் குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பது நம்பிக்கை. தாயே வைக்க முடியாது. அதனால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒருத்திக்கு மாதம் ஏறும்போதே யார் கையால் சேனை என்ற பேச்சு கிளம்பிவிடும். என் தம்பிக்கு யார் வைப்பது என்பதில் எங்கள் ஐயனும் ஆத்தாளும் எட்டு நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. இடையில் நான்தான், “ஐயன் சோறு கேக்கறாரு”, “ஆத்தா இல்லைங்குது” என்று தூது போனேன்.

எனக்கு வைத்தது சின்ன அத்தை. சித்தூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனால் பாதி வழியில், “ஏனுங்கண்ணா, அடுப்ப அணைச்சனா இல்லீங்களா?” என்று வண்டியைத் திருப்பச் சொல்வாள். வந்து பார்த்தால் அடுப்பு ஜில்லென்று இருக்கும். நான் சின்ன வயதில் எதையாவது இரண்டாம் தடவை கேட்டுவிட்டால் போதும், ஆத்தாள் ஐயனைக் குத்துவாள்: “எல்லாம் உங்க தங்கச்சி கை வாகு.”

ஐயனுக்கு நிலக்கடலைக் காடு. தம்பி பிறந்தபோது ஆத்தாளுக்குக் காய்ச்சல் கண்டு, பாலக்காட்டிலிருந்து வண்டி வைத்து ஒரு நர்சம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மா செருப்பைக் கழற்றும் முன்பே வெந்நீர் கேட்ட விதம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. நான் பாலக்காட்டில் எட்டாவது முடித்ததும் கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புக்குச் சேர்த்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஊர் சிரிக்கும் என்றார்கள். “சிரிக்கட்டும், வலி வந்தா அவிங்களே வண்டி அனுப்புவாங்க” என்றார்.

படிப்பின் கடைசி ஒன்பது மாதம் கை பழக வேண்டும். அந்த மிஷனுக்குப் பினாங்கிலும் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே தமிழ் தெரிந்த மாணவிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்ததில் ஒருத்திக்கு அம்மை கண்டது. நான் மட்டும் மிச்சம்.

கிளம்புவதற்கு முன் காகிதப்பாடு. எங்கள் ஊர் கொச்சி மகாராஜாவுடையது. கிழக்கே ஒரு நாழிகை நடந்தால் வெள்ளைக்காரன் சர்க்கார். மேற்கே பாலக்காடும் அவனுடையதே. நான் ஐயனின் மகள்தான் என்று கிராமத்துப் பார்வத்தியக்காரர் மலையாளத்தில் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கோயமுத்தூரில் அது செல்லாது, இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். இங்கிலீஷில் எழுதுவதற்குள் ஊர்ப் பெயர் நான்கு விதமாக மாறிவிட்டது. கடைசியில் நாகப்பட்டினத்துக் குமாஸ்தா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, “மெட்ராஸ்னு போடறேன், அதான் இந்தக் கட்டத்துல அடங்கும்” என்றார். என் மகள் இங்கே பிறந்தபோதும் பதிவேட்டில் பெற்றோர் பூர்வீகம் மெட்ராஸ் என்றே விழுந்தது. நான் மெட்ராஸைக் கப்பலின் தட்டிலிருந்துகூடப் பார்த்ததில்லை.

3

பினாங்கில் முதல் வாரம் நான் தலை பின்னாமல் வேலைக்குப் போனேன். எனக்குப் பின்னத் தெரியாது. பதினெட்டு வயது வரைக்கும் ஆத்தாளே பின்னி விட்டிருக்கிறாள். எங்களுக்கு மேலே இருந்த யாழ்ப்பாணத்து நர்ஸை எல்லோரும் மிஸ்ஸி என்போம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன பிள்ளை, கப்பல்ல சீப்பு ஏத்தேல்லையோ?”

“இருக்குதுங்க மிஸ்ஸி. எங்க ஆத்தாதான் இல்லீங்க.”

வார்டே சிரித்தது. மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்குக் காலமை தலை இழுத்துப் பின்னியிருக்க வேணும். ஆர் பின்னினது எண்டு நான் கேக்க மாட்டன்” என்று போய்விட்டார்.

கண்ணாடி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பின்னப் பழகினேன். விடுதியில் முறை வைத்துச் சமைக்க வேண்டும். என் முதல் சாதத்தை ஒரு மலாய்ப் பெண் கரண்டியால் தட்டிப் பார்த்து, “பத்து” என்றாள். எண்ணுகிறாளோ என்று பார்த்தேன். அவர்கள் பேச்சில் அது கல்லாம். ரிக்‌ஷாக்காரரிடம் தபாலாபீசுக்கு வழி சொல்லவும், வேர்வையில் ஊறிய சீருடையைத் துவைத்துக் கஞ்சி போடவும், பல் வலிக்கு நானே போய் வைத்தியரிடம் வாயைத் திறக்கவும் கற்றுக்கொண்டேன். ஊரில் சந்தைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது மருந்து அலமாரிச் சாவி. வேலை மாறும்போது பேரேட்டில் கையெழுத்துப் போட்டு அதை வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நேரம் முதல் அந்த அறையில் எது நடந்தாலும் என்னுடையது. முதல் நாள் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்த்தேன். நான்காம் தடவை போனபோது சின்ன அத்தையை நினைத்துப் பாதியில் திரும்பினேன். பிறகு மனசு கேட்காமல் அதையும் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஊரை நினைக்காத நாள் கிடையாது. பினாங்கில் மழை நேராக விழும். எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் கணவாய்க் காற்றோடு மழை படுத்துக்கொண்டு வரும். கிழக்குச் சுவர் காய்ந்திருக்க, மேற்குச் சுவர் மட்டும் ஒழுகும். மேலெல்லாம் கடலைக் கொடியின் பச்சை வாசனை ஒட்டியிருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இப்போது மகளும் வீடும் வார்டுமாக நாள் ஓடுகையில் நான் ஏங்குவது கொழிஞ்சாம்பாறைக்கு மட்டுமல்ல. சுவரைப் பார்த்துத் தலை பின்னிய அந்தச் சின்ன அறைக்கும்தான். அங்கே நான் கெடுத்தால் என் சாதம் மட்டுமே கெட்டது. ஒரு தாய் இப்படி எழுதலாமா என்று பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன்.

4

ஐந்தாம் மாதம். காலை எட்டு மணிக்குப் பேச்சியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மிஸ்ஸி பார்த்தார், நான் கூட நின்றேன். புருஷன் தோட்டத்தில்; லீவு கிடைக்கவில்லை. பதினோரு மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கஷ்டமான கேஸ் என்று மிஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். சாவியை என்னிடம் கொடுத்து, “பிள்ளையைப் பால் குடிக்க விடும். வேற ஒண்டும் வாயில படக் கூடாது. விளங்குதோ?” என்றார்.

விளங்கியது. பேச்சியம்மாவுக்குத்தான் விளங்கவில்லை.

“சேனை வைக்காம எப்பிடித் தாயி பால் குடுக்கிறது?”

“இங்க வைக்கக் கூடாதுங்கக்கா.”

“சரி, அப்ப நான் குடுக்கலை.”

கோபமில்லாமல் சொன்னாள். குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். முதலில் கெஞ்சினேன். பிறகு அதட்டினேன். பிறகு, தண்ணீரில் கிருமி இருக்கும் என்று பாடப் புத்தகத்தைத் தமிழில் சொன்னேன்.

“நீ படிச்சவ, சரியாத்தான் சொல்லுவ. எனக்கு மூத்தது ஒண்ணு சாந்தன்பாறை ஏலக்காட்டுல பொறந்துச்சு. மழை, ஆளு வரலை. சேனை இல்லாமலேயே பால் குடுத்தேன். மூணா நாளு போயிருச்சு. அது எதனால போச்சுன்னு உன் பொஸ்தகத்துல போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை.

பன்னிரண்டு மணி வரை குழந்தை வீரிட்டது. ஒரு மணிக்கு முனகியது. பிறகு முனகலும் நின்றது. உள்ளங்காலைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. மிஸ்ஸியைத் தேடிப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்ற ஆயா, “இப்ப உள்ளே போனா என் தலை போகும்” என்று கையை விரித்தாள். திரும்பி ஓடி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

அந்த நேரத்தில் ஆத்தாளைக் கேட்க முடியாது, ஐயனைக் கேட்க முடியாது. கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை மாதம். அதுவரை நான் செய்த காரியம் எதையும் யாரையும் கேட்காமல் செய்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“யாரு வைக்கணுங்கறீங்க?” என்று கேட்டேன்.

“வேற யாரு இருக்கா? அடுத்த கட்டில் சீனத்தி வச்சாலும் சரின்னுதான் பாத்தேன். அவ தூங்குறா. நீ வையி.”

“நானுங்களா? அக்கா, நானு ரொம்பப் பயந்தவளுங்க. என்ற கொணம் உங்க புள்ளைக்கு வேண்டாமுங்க.”

பேச்சியம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “பயந்தவ ஒத்தையில கப்பல் ஏறுவாளாக்கும்? வையி தாயி. எங்க ஏலமலைக்கு அந்தாண்ட இருந்து வந்தவ நீ. இந்த ஊர்ல அதுதான் எனக்குச் சாதிசனம்.”

தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். என் தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையில் ஒரு சிட்டிகை போட்டேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். விரல் நுனியில் ஒரு சொட்டைத் தொட்டு நீட்டினேன். குழந்தை என் விரல் நுனியைச் சப்பியது. இரண்டே நொடி. பேச்சியம்மா ரவிக்கையை விலக்கினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் சூடு வந்தது. நான் கட்டிலுக்கடியில் பாத்திரம் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டு அழுதேன்.

5

மிஸ்ஸி வந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய் மறுத்ததையும் நான் தேடி ஓடியதையும் ஆயா அவரிடம் சொல்லியிருந்தாள்.

“ஆ, எப்பிடிச் சம்மதிச்சவ?”

“சொல்லிப் பார்த்தேனுங்க மிஸ்ஸி.”

“வேற ஒண்டும் குடுக்கேல்லைத்தானே?”

“இல்லீங்க.”

அந்த “இல்லீங்க” எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. காய்ச்சிய தண்ணீரும் கழுவிய கையும் பற்றி ஒரு முழு வாக்கியம் மனதில் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் இது ஓடி வந்துவிட்டது.

மறுநாள் மதியம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பச்சையாக, நீராக. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்றார். மிஸ்ஸி பேச்சியம்மாவின் மூட்டையை அவிழ்த்தார். மாற்றுச் சேலைக்கு நடுவில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது.

“இதையோ குடுத்தனி?”

பேச்சியம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். “குடுக்கலைம்மா. அது நான் திங்கக் கொண்டாந்தது.”

“பொய்! இவளை நம்பிப் பிள்ளையை விட ஏலாது. பிள்ளையைத் தனி அறைக்குக் கொண்டு போங்கோ. போத்தல் பால் குடுக்கலாம். தாயை வேற வார்டுக்கு மாத்துங்கோ.”

பேச்சியம்மா குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் குழந்தை அவள் பக்கத்திலேயே இருந்திருக்கும். அவள் காட்டிக்கொடுத்திருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் என்னை உதைத்தது.

“நான்தானுங்க வெச்சேன்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “சர்க்கரைத் தண்ணி, நான்தானுங்க வெச்சேன், மிஸ்ஸி. நேத்து இல்லைன்னது பொய்யுங்க.”

மிஸ்ஸி கத்துவார் என்று காத்திருந்தேன். பேரேட்டை எடுத்து என் முன் வைத்தார். “எழுதும். என்ன நேரம், எவ்வளவு, என்ன தண்ணி. எல்லாம் உம்மட கையாலேயே எழுதும்.” எழுதினேன். மூன்று இடத்தில் மை கொட்டியது. படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உமக்குப் பயிற்சி மூண்டு மாசம் கூடுது. சீனித் தண்ணிக்கு ஒரு மாசம். பொய்க்கு ரெண்டு மாசம்.” வாசல் வரை போனவர் திரும்பினார். “தண்ணியை எவ்வளவு நேரம் கொதிக்க வைச்சனீர்?”

“கால் மணி நேரமுங்க.”

“ம்” என்றார். அந்த “ம்” எதற்கு என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

குழந்தை தாயிடமே இருந்தது. நாலாம் நாள் தெளிந்தது. சர்க்கரைத் தண்ணீரால் வந்ததா, வெக்கையால் வந்ததா, அல்லது பேச்சியம்மா அந்தக் கருப்பட்டியில் ஒரு துளி கரைத்து யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டாளா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். படித்த பெரிய டாக்டரே அப்படிச் சொன்னால் நான் எங்கே போவேன்?

நடந்ததை முழுக்க எழுதி ஐயனுக்குக் கடிதம் போட்டேன். பதிலில் கடலை பறித்தாயிற்று, செவலை கன்று போட்டது, நர்சம்மா சொன்னபடி நட என்று இருந்தது. நர்சம்மா என்றால் மிஸ்ஸியா நானா என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த மூன்று மாதம் கூடவில்லையென்றால் மாசி மாதம் கப்பலேறியிருப்பேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். கூடுதல் மாதங்களில்தான் ஒரு தோட்டத்து டிரஸ்ஸர் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் “ஏனுங்க” என்று கூப்பிட்ட ஒரே சொல்லில், “அம்மிணிக்குச் சித்தூர்ப் பக்கமுங்களா?” என்று கேட்டார். அவருக்கும் அந்தப் பக்கம். பிறகு ஐயனுக்கு அவர் எழுதினார், ஐயன் விசாரித்தார், கல்யாணம். இப்படி ஒரு பொய்யின் தண்டனையில் வந்ததுதான் என் வீடும் மகளும். அதை வருத்தம் என்று சொன்னால் மகளுக்குத் துரோகம். நல்லது என்று சொன்னால் அந்தக் குழந்தைக்கு.

6

இனி இன்றைக்கு வருகிறேன்.

பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வார்டுச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. எழுதியது நான். ஆறு ஆண்டுகளாக தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் படி ஏறி இறங்கிச் சண்டை போட்டு இந்த வழக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். யார் யாரோ விரலால் எந்தத் தண்ணீரையோ தொட்டு வைத்ததில் வந்த வயிற்றுப்போக்கை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது தோட்டத்துப் பெண்கள் தாமாகவே முதலில் பால் கொடுக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் “மருத்துவச்சியம்மாவுக்குப் பிள்ளை பிறக்கையில பாப்போம்” என்று காதுபடச் சொல்கிறார்கள். தெய்வானை பிறந்தபோது பிழைத்துக்கொண்டேன். அவள் ஈப்போ ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இங்கே யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை பிரசவம் இங்கேயேதான், என் வார்டிலேயே.

ஆத்தாளின் கடிதம் வந்திருக்கிறது. ‘சேனைக்கு நல்ல கையாப் பாத்து வெச்சுக்கோ, மூத்ததுக்கு வெக்காம உட்டதாட்ட உட்டறாதே’ என்று தம்பியைக் கொண்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மகள் கேட்டாள், “அம்மா, கொழிஞ்சாம்பாறை எந்த டிவிஷன்?” அவளுக்கு உலகமே தோட்டத்து டிவிஷன்கள்தான். சேனை இல்லாததால்தான் இவள் யார் மாதிரியும் இல்லாமல் வளர்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். மருத்துவச்சி நினைக்கக் கூடிய நினைப்பா இது?

இதற்கு நடுவில்தான் பேச்சியம்மா. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறாள். புருஷன் இறந்த பிறகு தனியாகவே ரப்பர்ப் பால் வெட்டி மகள் மாரியை வளர்க்கிறாள். பெண்களுக்கு மதியம் அரை மணி உட்கார இடம் வேண்டும் என்று துரையின் வண்டிக்கு முன்னால் போய் நின்றவள் இவள்தான் என்று அந்தத் தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் மறுபடி வந்தாள். என் வயிற்றைப் பார்த்தாள்.

“தையில தானே தாயி? நான் வந்துருவேன். உன் புள்ளைக்குச் சேனை நான்தான் வைப்பேன்.”

“அக்கா, அந்தப் பலகையைப் பாருங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியாது” என்று சிரித்தாள். மாரி உடனே பலகையை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, சரியாகப் படித்தோமா என்று இரண்டாம் தடவையும் படித்தாள்.

பேச்சியம்மாவின் சிரிப்பு நின்றது. “அது ஊருக்கு. எனக்கு நீ செஞ்சதை உனக்கு நான் செய்யக் கூடாதா?”

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பாக்கலாமுங்க” என்றேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது சொன்னார், “வேணும்னா யாருக்கும் தெரியாம ஒரு சொட்டு வெக்கச் சொல்லிப் போடு. தண்ணிய நானே காய்ச்சித் தாரேன். முடிஞ்சுது.”

“நாளைக்கு லயத்துல ஒருத்தி வந்து, ‘உங்க புள்ளைக்கு வெச்சாங்களா’ன்னு கேட்டா?”

“இல்லைன்னு சொல்லு.”

“அது என்னால ஆகாதுங்க” என்றேன். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். எதிலும் இரண்டு தடவை கேட்கிற நான் ஒரே தடவையில் பதில் சொன்னது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

7

ஆக, மறைத்துச் செய்வது இல்லை என்பது மட்டும் தீர்மானம். மற்றது எல்லாம் ஊசலாடுகிறது.

வைக்கச் சொன்னால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். அடுத்த மாதமே லயத்தில் ஒரு விரல் கழுவாமல் நீளும். அதற்கு நான் பொறுப்பு. வேண்டாம் என்றால், தன் குழந்தையைப் பறிக்க வந்தபோதும் என்னைக் காட்டிக்கொடுக்காத ஒருத்தியின் கையைத் தட்டிவிடுகிறேன். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. இங்கே எழுதத்தான் எனக்குத் தைரியம், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பிறக்கப்போகிற என் குழந்தைக்குப் பேச்சியம்மாவின் குணம் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. என் சின்ன அத்தையின் குணம் என்னோடு, மாரியோடு நிற்கட்டும்.

வாசகச் சகோதரிகளே, சர்க்கரைத் தண்ணீரால் வரும் தீமைகளைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். அதை நானே பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது வேறு. உங்களில் யாராவது வழக்கத்தை மறுத்து, அந்தக் கைக்குரியவளை இழக்காமல் இருந்திருக்கிறீர்களா? அவளிடம் எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? அவள் என்ன செய்தாள்? பாலுக்குப் பிறகு குழந்தையை முதலில் அவள் மடியில் கொடுப்பது, அவளையே பெயர் வைக்கச் சொல்வது, இப்படி ஏதேனும் ஒன்று சேனைக்கு ஈடாகுமா? அல்லது அவள் போன்ற ஒருத்தி அதைச் சமாதானம் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னும் நொந்துபோவாளா?

பத்திரிகை ஆபீசுக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவிடுவார்கள். மார்கழிக்குள் வந்தால் நல்லது. பேச்சியம்மா தைக்குக் காத்திருக்க மாட்டாள். மார்கழிக் கடைசி ஞாயிறே கோழியோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே சொல்வதற்கு என்னிடம் இதுவரை ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: “அக்கா, உட்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க.” அதற்குப் பிறகு வருவதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.